பட்டியலில் உள்ளதைச் சொல்

வடசென்னை விம்கோ நகரில் இருப்பவர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மணலி ஆலைகளின் நெடி எந்தக் காற்றில் வரும், மாடியில் காயும் துணியில் எப்போது கரி படியும் என்று எங்கள் வீட்டுப் பெண்களே சொல்லிவிடுவார்கள். ஆனால் மூக்கு சொன்னது மட்டும் வழக்கில் நிற்காது. அங்கே எண் வேண்டும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிய, மூச்சு முட்ட ஜனங்கள் தெருவில் ஓடினார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது காற்றில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம், வரம்பு 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம்; வரம்பு 5. அந்த எண்கள் வந்த பிறகு, நடந்ததை யாரும் மறுத்துப் பேச முடியவில்லை. கடலூர் சிப்காட் பகுதி மக்கள் 2004-இல் வாளியில் காற்றைப் பிடித்து அமெரிக்கச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியதும் இப்படி ஓர் எண்ணுக்காகத்தான்.

நான் சோதனைக்கூடத்தில் தலை நரைத்தவன். எண் எப்படிப் பிறக்கிறது என்று இளையவர்களுக்குச் சொல்ல ஆசை. அதே 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது, பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்தான். நல்ல மனசு. ஆனால் எண்ணெய் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அகல வாய்க் கண்ணாடிப் புட்டி வேண்டும். அதை அந்த நீரிலேயே அலசக் கூடாது. அமிலம் விட்டு, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கூடத்திலும் கொஞ்சம் ஊற்றி எடுத்துச் சோதிக்கக் கூடாது. முழுப் புட்டியையும் எடுத்து, காலிப் புட்டியையும் கரைப்பானால் கழுவிச் சேர்க்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் எண் பிழையாகும்; குறைந்துபோனால் ஆலைக்கு ஆதாயம்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறோமா என்று பார்க்க வருபவர்கள், சோதனைக்கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் மதிப்பீட்டாளர்கள். ஐ.எஸ்.ஓ. 17025 தரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தராசின் அளவுத்திருத்தச் சான்று முதல் வேலை செய்பவர் கை வரை பார்ப்பார்கள். ஒரே மாதிரியைப் பல கூடங்களுக்கு அனுப்பி, விடைகளை ஒப்பிடும் தேர்ச்சிச் சோதனையும் உண்டு. நோட்டில் தப்பாக எழுதிய எண்ணின் மேல் வெள்ளை பூசக் கூடாது. பழையது படிக்கத் தெரியும்படி ஒரே கோடு. பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், தேதி. என் வீட்டு வரவு செலவு நோட்டும் இன்றுவரை அப்படித்தான்.

இந்த அங்கீகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் பட்டியல். “எங்களுக்கு என்.ஏ.பி.எல். இருக்கு” என்பது பாதிப் பேச்சு. எந்தச் சோதனைக்கு, எந்த முறையில், எந்த அளவு வரை என்று சான்றோடு இணைப்பு இருக்கும். நீரின் கடினத்தன்மைக்கு அங்கீகாரம் பெற்ற கூடம் பாதரசத்துக்கு அந்த முத்திரையைப் போட முடியாது. ஒரு விஷயத்தில் பேர் வாங்கிவிட்டு எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லும் பெரிய மனிதர்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன் நான். என் வயதுக்காரர்களுக்கு அந்த ஆசை இன்னும் அதிகம். “பாதரசம் எங்களிடம் இல்லை, வேறு இடத்தில் கேளுங்கள்” என்று வந்த வாடிக்கையாளரை அனுப்பிவிடும் கூடத்தின் மற்ற எண்களையும் நான் நம்புவேன்.

தனியார் கூடத்தில் பணம் கட்டுமுன் அந்த இணைப்பைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வழக்கு என்று வந்தால் அதுமட்டும் போதாது. 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அதிகாரம் பெற்ற அலுவலர் அங்கேயே அறிவிப்புக் கொடுத்து மாதிரி எடுக்க வேண்டும். முத்திரையிட்ட கலத்தில் அவரும் ஆலைத் தரப்பும் கையெழுத்திட வேண்டும். மத்திய அரசு நிறுவிய அல்லது அங்கீகரித்த கூடத்துக்குத் தாமதமின்றி அது போக வேண்டும். ஆகவே நெடி வந்ததும் நேரத்தையும் காற்றின் திசையையும் குறித்துக்கொண்டு, அப்போதே வாரியத்துக்குச் சொல்லுங்கள். விடிந்தபின் அந்தக் காற்று இங்கே இருக்காது.