நண்டுக்கு மூன்று பெயர்

அன்புள்ள யாழினிக்கு,

தாத்தா எழுதுவது. பூனைக்குட்டி பூனை மாதிரியே இருக்கிறது, நண்டுக்குஞ்சு மட்டும் ஏன் நண்டு மாதிரி இல்லை என்று கேட்டாயாம். உன் அம்மா "தாத்தாவைக் கேள்" என்று சொல்லித் தப்பித்துவிட்டாள். நீ புத்தகத்தில் பார்த்த படம் சரிதான் கண்ணு. அதைக் கண்டுபிடித்த கதை நீ இருக்கும் ஊர்ப்பக்கமே நடந்தது.

கார்க்கிலிருந்து ரயிலேறிக் கோவ் துறைமுகம் போவீர்களே, டைட்டானிக் கப்பல் 1912இல் கடைசியாக ஆள் ஏற்றிக்கொண்ட இடம். அதற்கு ஏறக்குறைய 90 வருஷம் முன்னால் அந்தப் பக்கத்தில் ஜான் வாகன் தாம்சன் என்று ஒரு ராணுவ டாக்டர் இருந்தார். மொரீஷியஸ், மடகாஸ்கர் என்று சுற்றிவிட்டு 1816இல் கார்க் வந்தவர். வேலை நேரம் போக, மெல்லிய துணியில் தைத்த வலையைப் படகுக்குப் பின்னால் கட்டி இழுப்பார். மீன் பிடிக்க இல்லை. மீன் வலையில் நிற்காத பொடிப்பொடி உயிர்களைப் பிடிக்க.

அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்று ஜோயா. பெரிய கண்கள், முதுகில் நீளமாக ஒரு முள், முகத்துக்கு முன்னால் இன்னொரு முள், பின்னால் ஒரு வால். கொம்பு வைத்த கொசுப்புழு என்று வைத்துக்கொள். கடுகைவிடச் சிறியது. பொஸ்க் என்ற பிரெஞ்சுக்காரர் 1802இலேயே அதைத் தனி ஜாதிப் பிராணி என்று நினைத்துப் பெயர் வைத்திருந்தார். மெகலோபா என்று இன்னொன்று இருந்தது, அதற்கும் தனிப் பெயர். இரண்டும் நண்டின் பிள்ளைகள் என்பது யாருக்கும் தெரியாது. சாராயப் புட்டியில் செத்து மிதப்பதைப் பார்த்துப் பெயர் வைத்தால் வேறென்ன ஆகும்? அது நாளைக்கு என்னவாகும் என்று புட்டி சொல்லாது.

தாம்சன் அவற்றை உயிரோடு கடல் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். ஒரு ஜோயா சட்டை உரிக்கத் தொடங்கியபோது, உள்ளே நண்டுக்கால் மாதிரியே கால்கள் தெரிந்தன. பிறகு நண்டு முட்டையையே பொரிக்க வைத்தார். வெளியே வந்தது குட்டி நண்டு இல்லை, ஜோயா! 1828இல் அதைப் படத்தோடு அச்சிட்டார்.

அம்மா நண்டு வயிற்று மடிப்புக்கு அடியில் முட்டைகளை ஒட்டிவைத்துக்கொண்டு திரியும். இங்கே மீன் மார்க்கெட்டில் அதற்குச் சினை நண்டு என்று பெயர். லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். பொரித்ததும் குஞ்சுகள் தண்ணீரோடு மிதந்து போய்விடும். பாலூட்டுவது, கூடவே திரிவது எதுவும் கிடையாது. பெரும்பாலானவை மீனுக்கு இரையாகிவிடும். மிஞ்சியது தின்று பெருத்துச் சட்டை உரிக்கும், மறுபடி தின்னும், மறுபடி உரிக்கும். உங்கள் கரையில் கல்லுக்கடியில் ஓடும் பச்சை நண்டு, ஜோயாவாகவே நான்கு பருவம் கழிக்கும். அப்புறம்தான் மெகலோபா: கொடுக்கு வந்திருக்கும், வாலும் இருக்கும், நீந்தவும் செய்யும். அடுத்த சட்டையைக் கழற்றினால் வால் வயிற்றுக்கடியில் மடங்கி, விரல் நுனியில் உட்காரும் அளவுக்கு ஒரு நண்டு.

தாம்சன் சொன்னதைப் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. நண்டின் சொந்தமான, ஆற்றில் வாழும் கிரேஃபிஷ் முட்டையிலிருந்து பெரியதின் சாயலிலேயே குஞ்சு வருகிறதே என்றார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் ஆற்றில் நடப்பதே கடலிலும் நடக்க வேண்டுமா என்ன?

எனக்கு நண்டைவிடப் பிடித்தது அவர் கண்ட இன்னொன்று. பாறையிலும் படகடியிலும் கூர்கூராக ஒட்டிக்கொண்டு காலைக் கிழிக்குமே, கொட்டலசு? ஓடு இருப்பதால் அதைச் சிப்பி வகை என்றே பெரிய பெரிய படிப்பாளிகள் எழுதி வைத்திருந்தார்கள். 1826இல் தாம்சன் வலையில் நீந்தும் பொடிகள் சில மாட்டின. கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டுவைத்தார். சில நாளில் அவை பாத்திரத்திலேயே ஒட்டிக்கொண்டு கொட்டலசு ஆகிவிட்டன! சிப்பி இல்லை, நண்டுக்கும் இறாலுக்கும் சொந்தம். தலையால் ஒட்டிக்கொண்டு, வாழ்நாள் முழுக்கக் காலால் தண்ணீரை வாரி இரை தின்கிற சொந்தம். பின்னால் சார்லஸ் டார்வின் அதைப் படிக்கவே எட்டு வருஷம் செலவழித்தார்.

தாம்சனை 1835இல் சிட்னிக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். 1847இல் அங்கேயே காலமானார்.

பெரியதான பிறகும் நண்டு சட்டை உரிப்பதை விடாது. ஓடு வளராது, உடம்பு வளரும். பின்பக்கம் ஓடு பிளந்து, கால், கண் எல்லாவற்றையும் உருவிக்கொண்டு பின்னோக்கி வெளியே வரும். புது ஓடு இறுகும்வரை மெத்தென்று இருப்பதால் எங்காவது ஒளிந்துகொள்ளும். அதனால் கரையில் முழு நண்டு அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று அழுதுவிடாதே. எடுத்து மோந்து பார். நாற்றம் இல்லாமல், காற்றாக லேசாக இருந்தால் அது வெறும் சட்டை. முதுகோட்டின் பின்விளிம்பைத் தூக்கினால் அது வெளியே வந்த வழி தெரியும்.

அன்புடன்,
தாத்தா