அப்பாவோட பி.எஃப்.

அப்பா வேலை பார்த்த மில் இருந்த இடத்துல இப்ப கல்யாண மண்டபம்.
அப்பா தவறினப்புறம் பாத்தா, பி.எஃப். பணம் மட்டும் எடுக்காமலே கிடக்காம்!

பி.எஃப்.க்கான யு.ஏ.என். நம்பர் எல்லாம் 2014ல வந்தது. அப்பாவுக்கு சம்பளச் சீட்டுல ஒரு பழைய நம்பர், அவ்ளோதான்.

பணத்துக்கு படிவம் 20, குடும்ப பென்ஷனுக்கு 10டி.
நான் பி.காம். ஃபார்ம் நிரப்புறது அக்கா பையன். பத்தாவது படிக்கிறான் :)

நாமினி யாருன்னு பாத்தா... சித்தப்பா!
கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினதாம். குடும்பம்னு ஒண்ணு ஆனதும் அது செல்லாதுன்னு பி.எஃப். விதியே சொல்லுது.
அம்மா அதை மறுபடி படிக்கச் சொல்லி கேட்டாங்க.
சித்தப்பா, "எவ்ளோப்பா வரும்?"ங்கிறாரு.

மூடின மில்லுக்குப் பதிலா பேங்க் மேனேஜர் அட்டெஸ்ட் பண்ணலாமாம். நல்லவேளை.

ஆமா, இந்த அப்பாக்கள் எல்லாம் பண விஷயத்தைப் பத்தி ஏன் வீட்ல மூச்சு விடமாட்டாங்க?