வாசலில் கட்டிய கிளை

வாசலில் வேப்பிலை கட்டியிருந்தால் அந்த வீட்டில் அம்மை போட்டிருக்கு, மாவிலைத் தோரணம் கட்டியிருந்தால் விசேஷம். இது நம்ம ஊர்க் கணக்கு. ஆஸ்திரியாவில், இப்போ வியன்னா நகரத்துக்குள்ளேயே வந்துவிட்ட கிரின்சிங், ஸ்டாமர்ஸ்டார்ஃப் மாதிரி திராட்சைக் கிராமங்களில், ஊசியிலை மரத்துக் கிளையை வாசலில் கட்டினால் 'எங்க வீட்டு வைன் இருக்கு, உள்ளே வாங்க' என்று அர்த்தம்.

அந்த வீட்டுக்கும் வைனுக்கும் ஒரே பெயர்தான், ஹொய்ரிகர். 'இந்த வருஷத்தது' என்று பொருள். நாம புது அரிசி, பழைய அரிசின்னு சொல்ற மாதிரி. அறுவடை முடிஞ்ச சூட்டில், சாறு நுரைச்சுக்கிட்டு இருக்கும்போதே கலங்கலாகக் குடிக்கிறதும் உண்டு. அதுக்கு ஸ்டுர்ம், அதாவது புயல். பாட்டிலை இறுக்கி மூடினா வெடிச்சிடும்! நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள் வந்தால் புது வைனுக்குக் கொண்டாட்டம். போன வருஷத்து வைன் அன்றிலிருந்து 'பழசு'.

எனக்குப் பிடிச்சது குடி இல்லை, அதுக்குப் பின்னால இருக்கிற ஆணை. 1784-ல் பேரரசர் இரண்டாம் ஜோசப் போட்டது. விவசாயி தான் விளைவிச்சதை, தான் நினைச்சபோது, தான் சொல்ற விலைக்கு விற்கலாம். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போடுற எனக்கு அந்த 'தான் சொல்ற விலை'யில் கண்ணு நின்னுடுச்சு. இங்கே பழம் பந்தலில் தொங்கும்போதே வியாபாரி வந்து விலை சொல்லிட்டுப் போயிடுவார். பழுத்ததை எத்தனை நாள் வெச்சிருக்க முடியும்? ஒரு மழை அடிச்சா பழம் வெடிச்சிடும். அது அவருக்கும் தெரியும்.

இன்னொண்ணு. வியன்னாவில் ஒரே தோட்டத்தில் பல ரகத் திராட்சையைக் கலந்து நட்டு, சேர்த்தே பறிச்சு, சேர்த்தே பிழியுற பழக்கம் இருக்கு. ஒரு ரகம் ஏமாத்தினாலும் இன்னொண்ணு கைகொடுக்கும். மானாவாரியில் சோளத்தோட துவரையும் தட்டைப்பயறும் கலந்து விதைச்ச நம்ம தாத்தாக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னைக்கு சுற்றுலாப் பேருந்து நிற்கிற பெரிய உணவகங்களும் ஹொய்ரிகர்னு பலகை மாட்டுது. நீங்க அந்தப் பக்கம் போனா கிளையைப் பார்த்துப் போங்க. விவசாயி வீட்டில் சொந்த வைன், கூட ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆறின இறைச்சி, அவ்வளவுதான். வருஷத்தில் சில வாரம்தான் திறப்பாங்க. கிளை இல்லைன்னா ஆளு தோட்டத்தில் கவாத்து பண்ணிக்கிட்டு இருப்பார்.