கணிசமான ஆபத்து

2003 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் திகதி இரவு. தரையிறங்கும் வேளையில் கொலம்பியா விண்ணோடம் வானிலேயே சிதறி, கல்பனா சாவ்லா உட்பட எழுவர் மாண்ட செய்தி கொழும்பில் எமது ஆசிரியபீடத்துக்கு வந்துசேர்ந்தபோது பக்கங்கள் ஏறத்தாழ முடிந்திருந்தன. மறுநாளும் அதே செய்திதான் பத்திரிகையை நிறைத்தது. அந்த நெருக்கடிக்குள் கனடாவிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் ரோஜர்ஸ் கணவாய்ப் பகுதியில், சறுக்குக் கட்டைகளுடன் மலைப்பயணம் சென்ற பத்தாம் வகுப்பு மாணவர் எழுவர் பனிச்சரிவில் பலி.

"ஐயா, கொலம்பியா, எழுவர்... ரெண்டு தரம் வந்திருக்கு" என்று ஒப்புநோக்குநர் அதனை அடித்துவிட முனைந்தார். நான் தடுத்தேன். ஆயினும் நான்கு வரிகளாகக் குறுக்கினேன். தலைப்பில் 'பனிப்பாறை சரிந்து' என்று எழுதியவனும் நானே. ஆபத்து 'கணிசமானது' என முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது என்றொரு வாக்கியமும் அதிலிருந்தது. இடமில்லை என்று வெட்டிவிட்டேன்.

2018 மார்ச்சில் கல்கரியில் வசிக்கும் என் சகோதரியின் மகன் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவன் என்னை அந்தக் கணவாய்க்கு அழைத்துச் சென்றான். அங்கே நெடுஞ்சாலைக்கு மேலே குவியும் பனியை இராணுவத்தினர் பீரங்கியால் சுட்டு, வீதியை மூடியிருக்கும் வேளையிலேயே சரியச் செய்கிறார்கள். பீரங்கிக்கு இப்படியும் ஒரு வேலை உண்டென்பதை அறுபது வயதுக்குப் பின்னரே அறிந்தேன்.

அவனுடைய மகள் பல்கலைக்கழக மாணவி. பனிமலைப் பயணத்தில் பயிற்சி பெற்றவள். நான் எழுதிய 'பனிப்பாறை'யை அவள்தான் திருத்தினாள். சரிவது பாறையன்று, படை. ஒவ்வொரு பனிப்பொழிவும் முன்னையதன்மேல் ஒரு படையாக அமர்கிறது. கடுங்குளிரில் இடையிலுள்ள ஏதோவொரு படையின் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சீனிபோல உதிரியாகிவிட்டால், அதன்மேல் வாரக்கணக்கில் ஏறும் பனியெல்லாம் சீனியின்மேல் வைத்த பலகைதான். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஒரு மனிதனின் பாரமே அப்பலகையை உடைக்கப் போதுமானது. 2003 இன் குளிர்காலத்தில் அம்மலைகளில் நவம்பர் மாதத்துப் படையொன்று அவ்வாறு புதையுண்டிருந்தது. மாணவர்கள் மாள்வதற்குப் பன்னிரண்டு நாட்கள் முன்னர் அதே மாகாணத்தில் இன்னும் எழுவரைச் சரிவு கொன்றிருந்தது.

அன்று பதினான்கு மாணவரும் மூன்று பெரியவர்களும் சென்றது பள்ளத்தாக்கின் அடியில். அவர்கள் எதையும் உடைக்கவில்லை. மேலே, சியொப்ஸ் மலையிலிருந்து தானாகவே கழன்று வந்தது. உயரத்தில் ஆபத்து 'கணிசம்', மரங்களுக்குக் கீழே 'மிதம்' என்பது அன்றைய அறிவிப்பு. எதிர்ப்புறத்தில் சென்றுகொண்டிருந்த மலை வழிகாட்டிகள் இருவர் கண்டு, கூவி, ஓடிவந்து தோண்டத் தொடங்கினர். பத்து நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்படுவோரில் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். அரைமணி நேரமாகிவிட்டால் பெரும்பாலானோர் பிழைப்பதில்லை.

"நாளைக்கு மூன்று" என்றாள் பேத்தி, கணினியில் ஆபத்து அறிவிப்பைப் பார்த்தபடி.

"ஐந்தில் மூன்றுதானே, பிள்ளை?"

"மூன்றுதான் தாத்தா ஆக்களைக் கொல்லுறது. நாலென்றால் வீட்டில நிப்பினம்."

அவள் சொன்னது மிகையல்ல. சுவிற்சர்லாந்தில் பனிச்சரிவினால் இறப்போரில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் மூன்றாம் நிலை அறிவிக்கப்பட்ட நாட்களிலேயே இறக்கிறார்கள். அந்த மூன்றாம் நிலையின் பெயர்தான் நான் வெட்டியெறிந்த 'கணிசமான'. கூட்டத்துக்கு வந்தோர் தொகையையும் வேட்பாளர் பெற்ற வாக்கையும் கணிசமானவை என்று எழுதியெழுதி நாம் தேய்த்துவிட்ட சொல் அது. வாசகருக்கு அது 'பரவாயில்லை' என்றே கேட்டிருக்கும். எனக்கே அன்று அப்படித்தான் கேட்டது. வெட்டியமைக்கு இடநெருக்கடி மாத்திரம் காரணமன்று.

அவ்விபத்தின் பின் கனடாவில் 2004 இல் தேசிய பனிச்சரிவு மையம் உருவானது. தேசியப் பூங்காக்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச்செல்லும் குழுக்களுக்குக் கண்டிப்பான விதிகள் வந்தன. எந்தப் பாதை எவ்வளவுக்குச் சரிவின் வழியில் கிடக்கிறது என்பதைத் தரம்பிரிக்கும் முறையும் வந்தது.

மறுநாள் அவர்கள் தெரிவுசெய்தது 25 பாகையைத் தாண்டாத காட்டுச்சரிவு. இரவு உணவுக்குப்பின் வரைபடத்தை மேசையில் விரித்து, தாம் ஏறப்போகும் வழியை அவள் விரலால் காட்டினாள். எல்லாம் மென்மையான சரிவுதான். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அவளுடைய விரலுக்கு மேலேயிருந்த கோடுகளைப் பார்த்து, "அதற்கு மேலே என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.