தேரி மணலில் ஒரு சிறு மேடு

ஆடி பிறந்துவிட்டால் எனக்கு இடையன்குடிக் காற்றின் நினைவு வந்துவிடும். பனைகளை உலுக்கிக்கொண்டு வருகிற அந்தக் காற்று, தேரியின் செம்மணலை அள்ளித் தெருவெல்லாம் இறைக்கும். கல்லறைத் தோட்டத்திலும் இறைக்கும். இங்கே சென்னையில் நாலாவது மாடியின் ஜன்னலைச் சாத்துகிறபோதெல்லாம், அங்கே என் மகன் கிடக்கும் மேட்டில் எவ்வளவு மணல் ஏறியிருக்கும் என்று மனம் கணக்குப் போடும். இரண்டு முழங்கூட இல்லாத மேடு அது.

11 நாள் இருந்தான். ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை. இங்குபேட்டருக்குள் கையை விட்டு விரலைத் தொடலாம், தூக்கக்கூடாது. எட்டாம் நாள் இரவு டாக்டர் எங்களைத் தனியே அழைத்துப் பேசினார். ஊரிலிருந்து ஐயர் வந்து சேர விடிந்துவிடும். உயிருக்கு ஆபத்தென்றால் குருவானவர்தான் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்பதில்லை, சபையார் யாரும் கொடுக்கலாம் என்பது என் அத்தைக்குத் தெரிந்திருந்தது. காய்ச்சி ஆறிய தண்ணீரைப் பாலாடையில் வாங்கி, மூன்று சொட்டு அவன் நெற்றியில் வைத்துப் பெயரைச் சொன்னார்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன அந்தப் பாலாடை அவனுக்குப் பயன்பட்டது அந்த ஒரு முறைதான்.

பச்சை உடம்புக்காரி கல்லறைக்கு வரக்கூடாது என்று என்னை வீட்டிலேயே விட்டுப் போனார்கள். பால் கட்டி நெஞ்சு கல்லாய்க் கனத்தது. வற்றட்டும் என்று மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினார்கள். அந்த மணத்தோடு நான் சுருண்டு கிடந்தபோதுதான் ஒருவர் வந்து, ஆண்டவர் தம் தோட்டத்துக்கு ஒரு பூவைப் பறித்துக்கொண்டார் என்று ஆறுதல் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் பிள்ளையைப் பறிக்கிற ஆண்டவரிடம் நான் எப்படி முழங்கால் போடுவேன்? அன்றைக்கு மூடிய வாய் பல மாதம் ஜெபத்துக்குத் திறக்கவில்லை.

தாவீதையும் சொன்னார்கள். பிள்ளை ஏழாம் நாள் இறந்ததும் அவர் எழுந்து குளித்து, ஆலயத்துக்குப் போய்த் தொழுது, பிறகு சாப்பிடவில்லையா என்றார்கள். சாப்பிட்டார்தான். அந்த ஏழு நாளும் பெற்றவள் பத்சேபாள் எங்கே கிடந்தாள், என்ன சாப்பிட்டாள் என்று வேதத்தில் ஒரு வரியும் இல்லை. நான் அவளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கிடைத்தது 88ஆம் சங்கீதம். ஏமான் பாடியது. புலம்புகிற மற்றச் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாமல் இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் யாரும் நீக்காமல் வேதத்தில் வைத்திருக்கிறார்களே என்று நினைத்தபோதுதான், இந்த வாயோடும் நான் அவர் முன்னால் நிற்கலாம் என்ற தைரியம் வந்தது.

நாற்பது நாள் கழித்துக் கோயிலுக்குப் போனேன். கால்டுவெல் ஐயர் எழுப்பிய கோயில். 1847இல் தொடங்கிய வேலை, பிரதிஷ்டை ஆனதோ 1880இல். கல் சுமந்தவர்களில் எத்தனை பேர் முடிந்த கோயிலைப் பார்க்காமலே மண்ணுக்குள் போனார்களோ! கால்டுவெல் ஐயரும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். கீர்த்தனை தொடங்கியது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் பனங்கிழங்கு விற்கிற ஆச்சி. அவர்கள் மூன்று பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவர்கள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. புத்தகத்தை என் மடியிலிருந்து எடுத்து மூடினார்கள். "நீ பாட வேண்டாம் மக்கா. நாங்க பாடுதோம். நீ சும்மா இரி" என்றார்கள்.

அப்படியே இருந்தேன். அந்த வாரம், அடுத்த வாரம், அறுப்பின் பண்டிகை, கிறிஸ்துமஸ் எல்லாம் தாண்டி. என் விசுவாசத்தை எனக்காக அந்தச் சனங்கள் சுமந்தார்கள். காரணம் கேட்கவில்லை, காரணம் சொல்லவும் இல்லை.

பிழைப்புக்காகச் சென்னை வந்து 14 வருடமாகிறது. இங்கேயும் நல்ல சபை, நல்ல பிரசங்கம். என் வாயும் திறந்துவிட்டது, பாடுகிறேன். ஆனால் பாடாமல் இருக்க இடம் கொடுத்த அந்தப் பெஞ்சுக்குத்தான் மனம் ஏங்குகிறது. அந்த ஆச்சி இப்போது இல்லை. பிள்ளைக்கு எதிர் வரிசையில்தான் அவர்களையும் வைத்திருக்கிறார்கள்.

இடையன்குடிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஓர் உதவி செய்யுங்கள். காற்று அடங்கியதும் அந்தப் பக்கம் போனால், சுவரோரம் இருக்கிற சின்ன மேட்டின் மேல் ஏறிய மணலைக் கையால் தள்ளிவிடுங்கள். ஆச்சியின் மேல் இருப்பதையும்.