வால்மீன் தேடிய கண்கள்

பெருங்கருவிகள் இருந்தால்தான் பெருங்கண்டுபிடிப்புகள் நிகழும் என்று நாம் எண்ணுவது இயல்பு. ஆயினும் கருவி காட்டுவதைக் கண்டுகொள்ளும் பொறுப்பு மனிதனுடையது. நூறு முறை நோக்கி ஏதும் காணாதபோதும், நூற்றோராம் முறையும் அதே கவனத்துடன் நோக்கும் கண் வேண்டும். அத்தகைய கண் வாய்க்கப் பெற்றவர் அமெரிக்க வானியலாளர் கரோலின் ஷூமேக்கர். 32 வால்மீன்களையும் 500க்கும் மேற்பட்ட சிறுகோள்களையும் கண்டறிந்த அவர், வானியலில் பட்டம் பெற்றவர் அல்லர். அத்துறையில் அவர் அடியெடுத்து வைத்ததே தம் 51ஆம் அகவையில்தான்.

கரோலின் 1929ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் நியூ மெக்சிகோ மாநிலத்தின் கேலப் நகரில் பிறந்தார். கலிபோர்னியாவிலுள்ள சிக்கோ நகரில் வளர்ந்தார். கல்லூரியில் அவர் பயின்றவை வரலாறு, அரசியல் அறிவியல், ஆங்கில இலக்கியம் ஆகியன. படிப்பை முடித்தபின் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குச் சிறிது காலம் பாடம் கற்பித்தார். அப்பணியில் அவர் மனம் நிறைவு கொள்ளவில்லை. 1951ஆம் ஆண்டு யூஜின் ஷூமேக்கர் என்னும் நிலவியலாளரை மணந்து, மூன்று மக்களுக்குத் தாயானார். அடுத்த முப்பதாண்டுகள் இல்லத்தைப் பேணுவதிலும் மக்களை வளர்ப்பதிலும் கழிந்தன.

யூஜின் பாறைகளைப் படித்து வானத்தை அறிந்தவர். அரிசோனா பாலைநிலத்தில் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் அகலமுள்ள பெரும்பள்ளம் ஒன்று உள்ளது. விண்ணிலிருந்து விழுந்த பொருள் மோதியதால் அப்பள்ளம் உண்டாயிற்று என்பதைப் பாறைச் சான்றுகளால் நிறுவியவர்களுள் அவர் முதன்மையானவர். புவியின்மேல் தழும்பைக் கண்டவருக்கு, அத்தழும்பை உண்டாக்கும் பொருள்களை வானிலேயே காணவேண்டும் என்னும் வேட்கை பிறந்தது. மக்கள் மூவரும் வளர்ந்து வீட்டை விட்டுச் சென்றபின், அத்தேடலில் தமக்குத் துணைநிற்குமாறு மனைவியை அழைத்தார். 1980ஆம் ஆண்டில் கரோலின் அப்பணியைத் தொடங்கினார்.

தேடப்பட்டவை எவை? சூரியனைச் சுற்றிவரும் சிறுசிறு பாறைக் கோள்களே சிறுகோள்கள். அவற்றுள் பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உலவுகின்றன. சில புவியின் பாதையைக் குறுக்கிட்டுச் செல்கின்றன. பனியும் தூசியும் கலந்தவை வால்மீன்கள். சூரியனை நெருங்கும்போது அவற்றின் பனி ஆவியாகி, தூசியுடன் நீண்ட வாலாக விரிகிறது. இப்பொருள்கள் புவியின்மேல் மோதினால் விளைவது என்ன என்னும் வினாவும் அந்நாளில் புதிதாக எழுந்திருந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்தமைக்கு அத்தகையதொரு மோதலே காரணம் என்னும் கருத்தை லூயி ஆல்வாரெஸ், அவர் மகன் வால்டர் ஆல்வாரெஸ் ஆகியோர் உள்ளிட்ட குழுவினர் முன்வைத்ததும் அதே 1980ஆம் ஆண்டில்தான். எனவே, தேடலின் பின்னே புவியின் நலன் பற்றிய அக்கறையும் இருந்தது.

தேடலுக்குரிய களமாகக் கலிபோர்னியாவின் பலோமர் மலை அமைந்தது. 5 மீட்டர் குறுக்களவுடைய புகழ்பெற்ற பெருந்தொலைநோக்கி அம்மலையில்தான் உள்ளது. 1965ஆம் ஆண்டில் வேரா ரூபின் முறைப்படி இசைவு பெறும்வரை அவ்வான்காணகத்தின் கதவு பெண் வானியலாளர்களுக்கு அடைபட்டிருந்தது. கரோலினும் யூஜினும் பயன்படுத்தியது அங்கிருந்த 46 சென்டிமீட்டர் தொலைநோக்கியை. சிறியதாயினும், வானின் அகன்ற பரப்பை ஒரே படத்தில் அடக்கவல்லது அது. நிலவொளி குறைந்த இரவுகளில், குளிர் புகும் திறந்த மாடத்தின் கீழ் நின்று அவர்கள் படமெடுத்தனர். வானின் ஒரே பகுதியை ஏறத்தாழ முக்கால் மணி நேர இடைவெளியில் இருமுறை படமெடுப்பது அவர்தம் முறை.

இரவில் எடுத்த படங்களை ஆராய்வது கரோலினின் பணி. இரு படங்களையும் அருகருகே வைத்து, இரு கண்களாலும் நோக்கும் நுண்ணோக்கி வழியே அவர் காண்பார். இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்கு மற்றொன்று. நிலையான விண்மீன்கள் இரு படங்களிலும் ஒரே இடத்தில் இருப்பதால் ஒன்றிணைந்து சமதளமாகத் தோன்றும். இடைப்பட்ட நேரத்தில் நகர்ந்துவிட்ட பொருளோ அத்தளத்திற்கு மேலே மிதப்பதுபோலவோ கீழே அமிழ்ந்ததுபோலவோ தோன்றும். ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கிடையே மிதக்கும் அந்த ஒரு புள்ளியைக் கண்டுகொள்வதே அவர் கைவரப்பெற்ற கலை. ஒரு வால்மீனைக் காண ஏறத்தாழ 100 மணி நேரத் தேடல் தேவைப்பட்டது. அவர் கண்டறிந்த முதல் வால்மீன் 1983ஆம் ஆண்டில்தான் கிட்டியது. இலக்கியமும் வரலாறும் பயின்ற ஒருவர், பொறுமையையே தம் அறிவியல் கல்வியாக ஆக்கிக்கொண்டார்.

அப்பொறுமையின் பெரும்பயன் எதிர்பாராத ஓர் இரவில் வந்தது. 1993ஆம் ஆண்டு மார்ச் மாதம் கரோலின், யூஜின், அவர்தம் தோழர் டேவிட் லெவி ஆகியோர் பலோமரில் இருந்தனர். படச்சுருள் பெட்டியை யாரோ தவறுதலாகத் திறந்துவிட்டமையால், மேலே இருந்த படத்தாள்கள் ஒளிபட்டுக் கெட்டிருந்தன. வானிலும் மேகம் படர்ந்தது. நல்ல படத்தாள்களை வீணாக்க யூஜின் தயங்கினார். ஓரம் கருத்திருந்தாலும் நடுப்பகுதி பயன்படக்கூடிய கெட்ட தாள்களையே பயன்படுத்தலாம் என்றார் லெவி. அவ்வாறு எடுத்த படங்களைக் கரோலின் ஆராய்ந்தபோது, வியாழனுக்கு அருகே வழக்கமான புள்ளிக்கு மாறாக நீண்ட கோடு போன்ற ஒன்று தெரிந்தது. நசுங்கிய வால்மீன் ஒன்றைக் கண்டிருப்பதாகத் தோழர்களிடம் கூறினார். அதுவே ஷூமேக்கர்-லெவி 9.

பின்னர்ப் பெரிய தொலைநோக்கிகள் உண்மையைத் தெளிவாக்கின. வியாழனின் ஈர்ப்பில் சிக்கி அதனையே சுற்றிவந்த அவ்வால்மீன், 1992ஆம் ஆண்டு ஜூலையில் அக்கோளை மிக நெருங்கியபோது உடைந்து, கோத்த மணிகள்போல் ஏறத்தாழ 21 துண்டுகளாக நீண்டிருந்தது. 1994ஆம் ஆண்டு ஜூலை 16 முதல் 22 வரை அத்துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, நொடிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் விரைவில் வியாழன்மேல் மோதின. அவற்றுள் ஒன்று உண்டாக்கிய கருந்தழும்பு புவியின் விட்டத்துக்கு இணையாக விரிந்தது. சூரியக் குடும்பத்தின் இரு பொருள்கள் மோதுவதை மனிதகுலம் நேரில் கண்டது அதுவே முதன்முறை. விண்பொருள் மோதல் பழங்காலக் கதை என்று கருதியோரும், அது நாளையும் நிகழலாம் என்பதை அன்று உணர்ந்தனர். புவியை நெருங்கக்கூடிய, 1 கிலோமீட்டரினும் பெரிய பொருள்களுள் 90 விழுக்காட்டைப் பத்தாண்டுகளுக்குள் கண்டறிய 1998ஆம் ஆண்டில் நாசா இலக்கு வகுத்தது.

அவ்வெற்றிக்குப்பின் மூன்றாண்டுகளில் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. மோதல் பள்ளங்களை ஆராய ஆஸ்திரேலியா சென்றிருந்த இருவரும் 1997ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் சாலை விபத்தில் சிக்கினர். யூஜின் உயிரிழந்தார், கரோலின் படுகாயமுற்றார். நிலவில் நடக்க விரும்பியும் நோயால் அவ்வாய்ப்பை இழந்திருந்த யூஜினின் அஸ்தியின் ஒரு பகுதி, பின்னர் விண்கலம் ஒன்றில் நிலவைச் சென்றடைந்தது. கரோலின் உடல் தேறியபின் தம் பணிக்குத் திரும்பினார்.

அதற்குள் அப்பணியின் முறையே மாறத் தொடங்கியிருந்தது. படச்சுருளின் இடத்தை மின்னணுக் கருவிகளும், நுண்ணோக்கியில் குனிந்த கண்களின் இடத்தைக் கணினிகளும் பெற்றன. இன்று ஓர் இரவில் கணினி தேடும் வானப்பரப்பு, அன்று மாதக்கணக்கில் தேடியதினும் பெரிது. ஆயினும் ஓரம் கருத்த ஒரு படத்தாளைக் குறையுடையது என்று ஒதுக்காமல், நல்ல படத்துக்குரிய அதே கவனத்துடன் அவர் நோக்கியதால்தான் உலகம் அம்மோதலுக்கு முன்கூட்டியே அணியமாக முடிந்தது.

கரோலின் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், 92ஆம் அகவையில் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய 4446ஆம் எண் சிறுகோள், தன்னைத் தேடும் கண்களுக்குச் சிறு புள்ளியாகத் தோன்றியவாறு இன்றும் சூரியனைச் சுற்றி வருகிறது.