கோதுமை நிறம்

அக்கா மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். விவரக் குறிப்பைக் கணினியில் அடித்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. நட்சத்திரம், படிப்பு, உயரம் எல்லாம் முடித்து, ‘நிறம்’ என்ற இடத்தில் ‘மாநிறம்’ என்று அடித்தேன். அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்த அக்கா, “ஏட்டி, மாநிறம்னு போடாத. போட்டோவப் பாக்கதுக்கு முந்தியே மூடி வச்சிருவாங்க. கோதுமை நிறம்னு போடு” என்றாள்.

போட்டேன். ஆனால் ராத்திரி படுத்த பிறகு அந்தக் கோதுமை உறுத்திக்கொண்டே இருந்தது. எங்களுடையது தாமிரபரணிக் கரை ஊர். நெல்லும் வாழையும்தான் தெரியும். ஆச்சி காலத்தில் கோதுமை என்றால் சர்க்கரை வியாதிக்காரர் வீட்டுச் சாமான். அரிசிச்சோறு தின்று வளர்ந்த பெண் எப்படிக் கோதுமை நிறம் ஆனாள்?

அதற்கு விடை சுலபமாகவே கிடைத்தது. ஆங்கிலப் பத்திரிகைகளின் வரன் விளம்பரங்களில் ‘வீட்டிஷ்’ என்று ஒரு சொல் உண்டு. அது இங்கிலாந்துக்காரன் தந்த சொல் அல்ல, இந்திய ஆங்கிலம். இந்திக்காரர்கள் தங்கள் ஊர்ப் பயிரை வைத்து ‘கேஹுவா’ என்பார்கள். அது ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து தமிழுக்கு இறங்கி, எங்கள் அக்கா வாயில் வந்து நிற்கிறது.

எனக்குச் சற்று ஏமாற்றம்தான். சிவப்பு மோகம் வெள்ளைக்காரன் விட்டுப்போன வியாதி என்று மேடைப் பேச்சுகளில் கேட்டு வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் அதையே எழுதி எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியிருக்கிறேன். இப்போது முதல் சொல்லிலேயே வெள்ளைக்காரன் தப்பித்துவிட்டான்.

சரி, நம் சொல்லையே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். நாம் அழகான பெண்ணைச் ‘சிவப்பு’ என்கிறோம். துரையைத்தான் ‘வெள்ளை’ என்றோம். இரண்டும் ஒரே நிறம் என்று நம் ஆட்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. எங்கள் ஆச்சி வெள்ளைக்காரரைப் பக்கத்தில் பார்த்தது ஒரே ஒரு தடவை, பாளையங்கோட்டையில் ஒரு பாதிரியாரை. “எப்படி ஆச்சி இருந்தாரு?” என்று நாங்கள் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: “வெந்நீர்ல முக்கி எடுத்த கோழி மாதிரி.”

சங்கப் பாடல்களில் இன்னும் விசேஷம். ‘மாமை’ என்று ஒரு சொல் வருகிறது. அகராதிகள் அதற்கு அழகு என்றும் பொருள் தருகின்றன, நிறம் என்றும் கருமை என்றும் பொருள் தருகின்றன. உரைகாரர்கள் மாந்தளிரின் நிறம் என்கிறார்கள். மொட்டைமாடிக்குப் போய்ப் பக்கத்து வீட்டு மாமரத்தின் கொழுந்து ஒன்றைக் கிள்ளிப் பார்த்தேன். செம்பும் கறுப்பும் குழைத்த மாதிரி ஒரு நிறம். மேலே எண்ணெய் தடவியது போல மினுமினுப்பு. விரலில் வைத்தால் என் தோலுக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் தெரியவில்லை. ‘மாநிறம்’ இந்த மாவிலிருந்து வந்தது என்றே எனக்குப் படுகிறது.

காதலன் பிரிந்து போனால் அந்த மினுமினுப்பு போய் மேனி பீர்க்கம்பூப் போல வெளிறிவிடும். அதற்குப் பெயர் பசலை. குறுந்தொகையின் 27-ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் புலம்புவதே தன் மாமை அழகைப் பசலை தின்கிறதே என்றுதான். திருவள்ளுவர் ‘பசப்புறு பருவரல்’ என்று இதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். வெளுப்பது நோய், கறுப்பு திரும்பினால் சொஸ்தம். இன்றைய கிரீம் விளம்பரத்தை வெள்ளிவீதியாரிடம் காட்டினால் வைத்தியரைக் கூப்பிடச் சொல்லியிருப்பார்.

இதை வைத்துக்கொண்டு, ‘பழந்தமிழர் கறுப்பையே கொண்டாடினர், கெடுத்தது வந்தவன்’ என்று முடித்துவிடலாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஆச்சி விடவில்லை.

துரையைக் கோழி என்று சொன்ன அதே ஆச்சிதான் மாமாவுக்குப் பெண் தேடியபோது, “பிள்ள செவத்த பிள்ளயா?” என்று முதலில் கேட்டவள். வெயிலில் பாண்டி ஆடினால், “கறுத்துப் போவ, உள்ள வா” என்று விரட்டியவள். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் யாரோ கேலி செய்தார்கள் என்று அழுதுகொண்டு வந்தேன். “கறுப்பே அழகு, காந்தலே ருசி” என்று தேற்றினாள். காந்தல் என்பது அடிப்பிடித்த சோறு. நல்ல சோறு பந்திக்குப் போன பிறகு மிஞ்சினவர்களுக்குச் சொல்கிற சமாதானம் அது. எனக்கு அப்போதே புரிந்தது. நிழலில் இருப்பவர் நிலத்துக்காரர், வெயிலில் நிற்பவர் கூலிக்காரர் என்ற கணக்கும், அதற்குள் ஒளிந்திருக்கும் சாதிக் கணக்கும் கப்பல் ஏறி வந்தவை அல்ல.

அக்கா மகள் ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஜப்பானிய மொழியும் படிக்கிறாள். நான் இந்தச் சிவப்பு, கறுப்புக் கதையைச் சொன்னதும் சிரித்தாள். “சித்தி, அவங்ககிட்டயும் ஒரு பழமொழி இருக்கு. தோல் வெளுப்பா இருந்தா ஏழு குறையை மறைச்சிருமாம்.”

ஜப்பானிய அரசவைப் பெண்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே முகத்துக்கு வெள்ளை மாவு பூசியவர்கள். அப்போது அவர்கள் ஐரோப்பியரைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. கூடவே பல்லைக் கறுப்பாக்கிக்கொண்டார்கள். அதற்கு ‘ஒஹகுரோ’ என்று பெயர். இரும்புத் தூளைப் புளித்த காடியில் ஊறவைத்து, துவர்ப்புப் பொடி சேர்த்துப் பல்லில் தடவுவார்கள். நம் ஊரில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுதும் மை காய்ச்சினார்களே, அதே வித்தைதான். வெள்ளை முகம், கறுத்த பல், இரண்டும் சேர்ந்துதான் அழகு. பிறகு மேற்கத்தியர் வந்தார்கள். கறுத்த பல்லைப் பார்த்து முகம் சுளித்தார்கள். 1870-இல் பிரபு குலத்தாருக்கு அரசு அதைத் தடை செய்தது. 1873-இல் பேரரசியே வெள்ளைப் பல்லோடு வெளியே வந்தார். பல் மாறியது, முகத்துப் பூச்சு அப்படியே நின்றது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஆச்சியின் காது ஞாபகம் வந்தது.

ஆச்சிக்குத் தோளைத் தொடும் காது. குழந்தையில் குத்தி, பஞ்சுத் திரி வைத்து, பிறகு குணுக்கு மாட்டி வருஷக்கணக்கில் வளர்த்த காது. அதில் பாம்படம் தொங்கும். உருண்டையும் சதுரமுமாகப் பொன் தகட்டில் செய்து உள்ளே அரக்கு வைத்தது. நடந்தால் கன்னத்தில் இடிக்கும். அந்தக் காலத்தில் வளராத காதுக்காரிக்குத்தான் கேலி. நம் கோயில் சிலைகளுக்கெல்லாம் அந்தக் காதுதான். மாமாவுக்குப் பட்டணத்தில் உத்தியோகம் கிடைத்து, ஆச்சியைக் கூட்டிப் போனார். ஆபீஸ்காரர்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் முக்காடு போட்டுக் காதை மறைக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக்கொண்டாள். பாம்படம் உருகி அம்மாவின் சங்கிலி ஆனது. சாகும்வரை, பேச்சுக்கு நடுவே காதுக்குக் கீழே இருந்த தையல் தழும்பைக் கட்டை விரலால் வருடிக்கொண்டே இருப்பாள்.

கொரியாவிலும் இப்படி ஒரு தையல் கதை இருக்கிறது. போர் முடிந்த கையோடு, 1950-களின் நடுவில் அங்கே போன அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ரால்ஃப் மில்லார்டு, கண்ணிமையில் மடிப்பு உண்டாக்கும் அறுவைச் சிகிச்சை செய்தார். அவரிடம் வந்தவர்களில் ஒரு கொரிய மொழிபெயர்ப்பாளர் சொன்ன காரணத்தை அவரே எழுதிவைத்திருக்கிறார்: கண் இடுங்கி இருப்பதால் அமெரிக்கர்கள் தன்னை நம்ப மறுக்கிறார்களாம். ஆனால் அந்தச் சிகிச்சையும் அமெரிக்கச் சரக்கு இல்லை. மிக்காமோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1896-லேயே அதைச் செய்து வெளியிட்டிருக்கிறார். அங்கே சிலருக்கு இயற்கையாகவே இருக்கும் மடிப்பைத்தான் அவர் மற்றவர்களுக்கும் தைத்தார்.

ஆக, வெள்ளைக்காரன் விதை கொண்டுவரவில்லை. சல்லடை கொண்டுவந்தான் என்பதே என் கட்சி. நம்மிடம் அழகுகள் பல இருந்தன. வளர்ந்த காது, பச்சை குத்திய கை, கறுத்த பல், மாந்தளிர் மேனி. அவன் கண்ணுக்குக் கேலியாகப் பட்டதெல்லாம் கீழே உதிர்ந்தது. அவனுக்கும் நமக்கும் ஒத்துப்போன சிவப்பு மட்டும் மேலே தங்கியது.

தங்கியதை ஆலையில் வைத்துப் பெருக்கியவர்களில் நம் ஆட்களும் உண்டு. பழைய ஆட்கள் எந்த முகக் கிரீமையும் ‘ஸ்நோ’ என்பார்கள். லண்டன் கம்பெனி ஒன்று 1890-களில் விற்ற ஹேசலைன் ஸ்நோவின் மிச்சம் அந்தச் சொல். பனியே பெய்யாத ஊரில் பனியைப் பூசினோம். 1919-இல் பம்பாய் பாட்டன்வாலா ‘ஆப்கான் ஸ்நோ’ என்று சுதேசிப் பனியும் தந்தார். சென்னையில் பல்லாவரத்துப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ‘பாண்ட்ஸ்’ ஒரு நிறுத்தம். கிரீம் ஆலை ஊர்ப் பெயராகவே ஆகிவிட்டது. சாமிப்படமும் விலக்கல்ல. கிருஷ்ணன் என்றாலே கறுப்பன் என்று அர்த்தம், காலண்டரில் அவனுக்கு நீலம்தான். 1975-இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. 2005-இல் ஆண்களுக்கென்று தனிக் கிரீம் விட்டது கொல்கத்தாவின் இமாமி கம்பெனி.

இதை எதிர்த்தவர்களும் இங்கேயே இருந்தார்கள். 2009-இல் ‘கறுப்பு அழகுதான்’ என்ற பிரசாரத்தைத் தொடங்கியது சென்னையின் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு. நடிகை நந்திதா தாஸ் பின்னர் அதில் சேர்ந்துகொண்டார். ஆனால் ஃபேர் அண்ட் லவ்லி கம்பெனி கிரீமின் பெயரை மாற்றியது எப்போது? 2020 மே மாதம் அமெரிக்காவின் மின்னியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பர் போலீஸ்காரரின் முழங்காலுக்கடியில் செத்த பிறகு. அடுத்த மாதமே ‘ஃபேர்’ போவதாக அறிவிப்பு, ஜூலையில் ‘க்ளோ’ என்று புதுப் பெயர். வரன் தேடும் ஷாதி டாட் காம் தளமும் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை அந்த ஜூனிலேயே எடுத்தது. சென்னை 11 வருஷமாகச் சொன்னது காதில் விழவில்லை, மின்னியாபோலிஸ் சொன்னது ஒரே மாதத்தில் விழுந்தது. நல்லதைச் செய்வதற்கும் நமக்கு அந்தச் சல்லடை தேவைப்படுகிறது. எனக்கு இதுதான் அதிகம் எரிகிறது.

இவ்வளவும் அக்காவிடம் சொன்னேன். “நீ எழுது, காசு குடுப்பாங்க. எனக்கு இந்தத் தை மாசத்துக்குள்ள பிள்ளையக் கரை சேக்கணும்” என்றாள். கேட்டுக்கொண்டிருந்த மகள் ஒன்றும் பேசாமல் மடிக்கணினியை இழுத்து, கோதுமையை அழித்துவிட்டு மாநிறம் என்று அடித்தாள். அக்கா முறைத்தாளே தவிர, மறுபடி மாற்றவில்லை.

இணையத்தில் எடுத்துவிட்டாலும், எங்கள் ஊர்த் தரகர் வைத்திருக்கும் அச்சடித்த படிவத்தில் உயரத்துக்கும் ராசிக்கும் நடுவே ‘நிறம்’ இன்னும் இருக்கிறது. அதிலும் மாநிறம் என்றே எழுதிக் கொடுத்தோம். இதுவரை இரண்டு வீட்டிலிருந்து பதில் வந்திருக்கிறது. ஒரு வீட்டார், வெயிலில் நிற்கவைத்து எடுத்த போட்டோ ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.